வீட்டிற் காணும் அறியாத வண்டு: அதனை இனங்காணும் முறை



பெரும்போக நெல்லை வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்த்துச் சில மாதங்கள் சென்றபின், ஒருநாள் மாலை விளக்கேற்றும் வேளையில், சுவரிலோ சோற்றுக்கு அளந்தெடுத்த அரிசியிலோ முன் கண்டறியாத சிறு வண்டொன்று ஊர்ந்து செல்வதைக் காண்கிறீர்கள். அதனைக் காலால் நசுக்கிவிட்டு மறந்துபோவோர் பலர். வயலுக்கு வாங்கிய பீடைகொல்லியில் மிஞ்சியதை எடுத்துவந்து அறைக்குள்ளே தெளித்துவிடுவோரும் உளர். முன்னவர் தமக்குக் கிடைத்த எச்சரிக்கையை இழக்கின்றனர். பின்னவர் தம் பிள்ளைகள் படுத்துறங்கும் இடத்தில் நஞ்சைப் பரப்புகின்றனர். வண்டு இன்னதென்று அறிந்தபின்னரே அதற்கு என்ன செய்வது என்னும் வினா எழவேண்டும்.

இனங்காணுதல் என்றவுடன் அஃது ஆராய்ச்சி நிலையத்தாரின் வேலை என்று எண்ணவேண்டாம். நம் வீடுகளில் வழக்கமாகக் காணப்படும் வண்டுகளிற் பெரும்பாலானவற்றை வெறுங்கண்ணாலும், வேண்டுமாயின் ஒரு சிறு உருப்பெருக்குக் கண்ணாடியாலும் பிரித்தறியலாம். கைத்தொலைபேசியிற் படம்பிடித்து, அப்படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாலும் போதும்.

இதில் நம் நட்டமும் இலாபமும் எங்கே உள்ளன என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மழையை நம்பி ஒரு போகம் மாத்திரமே செய்யப்படும் இடங்களில், தை மாசியில் வெட்டிய நெல்லிலிருந்து ஒதுக்கிய விதைநெல் புரட்டாதி ஐப்பசி விதைப்புவரை ஏழெட்டு மாதம் வீட்டிற் கிடக்கின்றது. நெல்லைத் தின்னும் வண்டு நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில், அல்லது அதனிற் சற்றே கூடிய காலத்தில், முட்டையிலிருந்து முழு வண்டாகிவிடும். மாதம் ஒன்றுக்குப் பத்து மடங்கு பெருகுவதாகக் கொண்டாலும், இரண்டு வண்டு இருபதாகி, இருபது இருநூறாகி, நான்காம் மாத முடிவில் 20,000 ஆகும். முதல் மாதத்திற் சுவரிற் கண்ட அந்த ஒரு வண்டை இன்னதென்று அறிந்திருந்தால், ஒரு சாக்கை மாத்திரம் வெயிலிற் காயவைத்துக் காரியத்தை முடித்திருக்கலாம். நான்காம் மாதத்தில் அறிந்தவருக்கு அடுத்த போகத்திற்கு விதைநெல்லை விலைகொடுத்து வாங்கும் நிலை ஏற்படும்.

முதலிற் பிடித்து வைத்தல்

வண்டைக் கையாற் பிடிக்கவேண்டாம். இதற்குக் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றை வண்டின்மேற் கவிழ்த்து, கடதாசித் துண்டொன்றைக் கீழே செலுத்தி நிமிர்த்திக்கொள்க. வண்டுடன் அஃது இருந்த இடத்து அரிசியையோ நெல்லையோ தூளையோ ஒரு சிட்டிகை அள்ளிப் போத்தலில் இடுக. வண்டு மாத்திரம் வந்தால் நாம் உருவத்தைக் கொண்டுதான் பேசலாம். அது தின்ற பொருளும் உடன் வந்தால் அதன் தொழிலும் தெரிந்துவிடும்.

பிடித்தது வண்டுதானா என்று அடுத்துப் பார்க்க. வண்டுகளுக்கு முன் சிறகுகள் இரண்டும் ஓடுபோற் கடினமாகி முதுகை மூடியிருக்கும். அவ்விரண்டு ஓடுகளும் முதுகின் நடுவே நேர்கோடாகச் சந்திக்கும். கரப்பானிலும் மூட்டைப்பூச்சியிலும் இவ்வாறான நேர்கோடு இராது. நெல்லிலிருந்து பறந்தெழும் வெளிறிய சிறு அந்துப்பூச்சியும் வண்டன்று. அதுவும் நெல்லுக்குப் பகைதான், எனினும் அதனை இன்னொரு முறை பார்ப்போம்.

வண்டென்று தெளிந்தபின் கேட்கவேண்டிய முதற் கேள்வி அதன் நிறம் யாது என்பதன்று. எங்கே கண்டீர்கள் என்பதே. நிறம் பலவேளை ஏமாற்றும். இப்போதுதான் கூட்டுப்புழுப் பருவம் நீங்கி வெளிவந்த கரிய வண்டும் சில நாள் செம்மஞ்சளாகவே இருக்கும். இடம் ஏமாற்றுவதில்லை. தானியத்திலும் அதன் அண்டையிலும் கண்டால் ஒரு கூட்டம். இரவில் மின்குமிழின் கீழ்க் கண்டால் மற்றொரு கூட்டம். வளை, மூங்கில், கட்டில் இவற்றின் கீழ் மாப்போன்ற தூளுடன் கண்டால் வேறொரு கூட்டம். பகலில் யன்னலோரம் கண்டால் மாத்திரம் முடிவுசெய்ய முடியாது. தானியத்தில் வளர்ந்த வண்டுகளும் வெளிச்சத்தை நாடி யன்னலுக்கு வரும். ஆதலால் யன்னலிற் கண்டவர் வீட்டிலுள்ள மூட்டை, பானை, பெட்டி, முடிச்சு யாவற்றையும் திறந்து பார்த்தல் வேண்டும்.

நெல்லிலும் அரிசியிலும் காணும் நான்கு

இக்கூட்டத்து வண்டுகள் யாவும் சிறியன. ஒரு நெல்மணியின் அரைவாசி நீளத்தினும் குறைந்தவையே இவற்றுட் பல. எனவே வண்டை ஒரு நெல்மணியின் அருகில் வைத்து அளவு பார்த்துக்கொள்க.

தலையின் முன்புறம் யானைத் துதிக்கைபோல ஒரு மூக்கு நீண்டு வளைந்திருக்கின்றதா? அவ்வாறாயின் அஃது அரிசி மூக்குவண்டு. நீளம் 2 முதல் 4 மி.மீ. வரை, நிறம் கருங்கபிலம். முதுகோட்டில் மங்கலான செம்மஞ்சட் புள்ளிகள் நான்கு உண்டு. தொட்டவுடன் கால்களை மடக்கிச் செத்ததுபோற் கிடக்கும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் எழுந்து நடக்கும். சுவீடன் நாட்டு அறிஞரான லின்னேயசு 1763ஆம் ஆண்டில் இவ்வண்டுக்கு இட்ட விஞ்ஞானப் பெயரிலேயே நெல்லைக் குறிக்கும் சொல் இருக்கின்றது. பெண் வண்டு தன் மூக்கினால் மணியிற் குழி துளைத்து, ஒரு முட்டையை அதில் இட்டு, பசைபோன்ற ஒரு பொருளால் வாயை மூடிவிடும். புழு மணியினுள்ளேயே பிறந்து, உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டான பின்னரே வட்டமான துளையிட்டு வெளிவரும். ஆகவே வெளியே நடமாடும் வண்டைப் போலப் பன்மடங்கு உள்ளே இருக்கலாம். உமி பிளவுபடாத நல்ல நெல்லை இது எளிதில் துளைப்பதில்லை. அரிசியையும், உமி வெடித்த நெல்லையுமே பெரிதும் தாக்கும். இதைக் கண்டவர் முதலில் அரிசிப் பானையைப் பார்க்க. இயந்திரத்தால் அடித்த நெல்லில் உமி வெடித்த மணிகள் மிகுந்திருந்தால் நெல் மூட்டையையும் பார்க்க.

மூக்கு இல்லை, மேலிருந்து நோக்கினால் தலையும் தெரியவில்லை, உடல் சிறு உருளைபோல நீண்டு உருண்டிருக்கின்றது. அஃது தானியத் துளைவண்டு. நீளம் 2 முதல் 3 மி.மீ. வரை. தலையை முன்மார்பு ஒரு முக்காடுபோல மூடிக்கொள்வதாலேயே தலை மேலே தெரிவதில்லை. நம் கருத்தில், விதைநெல் வைத்திருப்பவர் அஞ்சவேண்டிய வண்டு இதுவே. மூக்குவண்டைத் தடுக்கும் உமி இதனை அவ்வளவாகத் தடுப்பதில்லை; மூக்குவண்டு பெருக முடியாத அளவுக்கு உலர்ந்த நெல்லிலும் இது பெருகும். முட்டைகளை மணியின் வெளியே இடும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் மணியினுள் நுழைந்துகொள்ளும். புழுவும் வண்டும் தின்பதிலும் கூடுதலாகத் தூளாக்குவதால், சாக்கைத் தூக்கினால் அடியில் வெண்மையான மா உதிரும்; ஒருவகை இனிப்பு வாடையும் வீசும். மணியின் முளையையே உண்டுவிடுமாதலால், தூக்கிப் பார்த்தாற் கனமாயிருக்கும் மூட்டையும் விதைத்தால் முளைக்காமற் போகலாம். மரவள்ளிச் சீவல், ஒடியல் போன்ற உலர்ந்த கிழங்குப் பொருள்களையும் நெல்லின் அருகில் வைக்காதிருத்தல் நன்று. துளைவண்டுகளுக்கு அவையும் உணவே.

மூன்றாவது, செந்நிற மாவண்டு. 3 முதல் 4 மி.மீ. நீளம், தட்டையான உடல், செங்கபில நிறம், தலை மேலிருந்து நன்றாகத் தெரியும். வேகமாக ஓடும். இது முழு மணியைத் துளைக்கும் வல்லமை அற்றது. மாவிலும், குறுநொய்யிலும், மற்ற வண்டுகள் ஆக்கிய தூளிலும் வாழ்வது. ஆகவே இதனை அரிசி மாப்பேணியிற் கண்டால் மாவைப் பற்றியே கவலைகொள்க. நெல் மூட்டையிற் கண்டாலோ, உங்களுக்கு முன்பே வேறொரு வண்டு அங்கே வேலை தொடங்கிவிட்டது என்று அறிந்து, முன்னைய இரண்டையும் தேடிப் பார்க்க. இவ்வண்டு மிகப் பெருகிய மா இளஞ்சிவப்பு நிறங்கொண்டு கெட்ட வாடை வீசும். அம்மாவை அரித்து உண்ணவேண்டாம், எறிந்துவிடுக. அரிசியில் மூக்குவண்டு விழுந்ததற்காக அரிசியை எறியவேண்டியதில்லை. புடைத்துக் கழுவிச் சமைக்கலாம், அதில் நஞ்சில்லை.

நான்காவது, அரவாய் வண்டு. மிக ஒடுங்கித் தட்டையான உடல். முன்மார்பின் இரு பக்கத்தும் அரிவாளின் பல்போல ஆறாறு பற்கள். இவற்றைப் பெருப்பித்துப் பார்த்தால் ஐயம் எழாது. இதுவும் மாவண்டைப் போல உடைந்த மணிகளையே நாடுவது.

மூட்டையின் வெளிப்புறத்தில் வண்டே காணாவிட்டாலும் ஐயம் தீராதவர்க்கு ஒரு சோதனை உண்டு. மூட்டையின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து, கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயைச் சீலையாற் கட்டி ஐந்து வாரம் வைக்க. உள்ளே மறைந்திருந்த புழுக்கள் வண்டாகி வெளிவருவதைக் கண்ணாற் காணலாம். அவசரமாயின் நெல்லைத் தண்ணீரில் இட்டு மிதப்பவற்றை அள்ளி நகத்தாற் பிளந்து பார்க்க. சப்பட்டையும் மிதக்குமாதலால், மிதப்பதெல்லாம் வண்டு தின்றதென்று கொள்ளலாகாது.

பயறு, உளுந்து, கௌபி வைத்திருப்போர்க்கு

பயற்றுவண்டை அறிவது மிக எளிது. பின்புறம் அகன்று முன்புறம் ஒடுங்கிய, ஏறக்குறைய 3 மி.மீ. நீளமான கபில நிற வண்டு. முதுகோடுகள் குட்டையாக இருப்பதால் வயிற்றின் நுனி வெளியே தெரியும். மணிகளின் மேல் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருக்கும், அவையே முட்டைகள். ஊசிமுனையாற் சுரண்டினாலன்றி அவை பெயரா. தின்று முடித்த மணியில் வட்டமான துளை விழுந்திருக்கும்.

இவ்வண்டின் வரலாற்றில் ஒன்றை மறக்கலாகாது. இது வீட்டிற் பிறந்து பெருகினாலும், பெரும்பாலும் வயலிலேயே நம்முடன் சேர்ந்துகொள்கின்றது. காய் முற்றும் காலத்தில் வண்டு பறந்துவந்து காயின்மேல் முட்டையிடும். அறுவடை செய்தவர் அறியாமலே அதனை வீட்டிற்குச் சுமந்து வருவார். முற்றிய காயைச் செடியிற் பலநாள் விட்டுவைத்தல் இதனாலேயே தீது.

கௌபி செய்யும் மூதாட்டி ஒருவர் எம்மிடம், ‘தம்பி, அரிசியை இரண்டுதரம் புடைத்துவிட்டேன், நெல்லையும் வெயிலிற் போட்டேன், இவை இன்னும் யன்னலில் வந்து விழுகின்றனவே’ என்று தீப்பெட்டி ஒன்றிற் சில வண்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். வயிற்றின் நுனி வெளியே தெரிந்தது. ‘அம்மா, விதைக்கென்று பயறோ கௌபியோ எங்காவது கட்டி வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டோம். அடுப்படி வளையில் ஒரு சீலை முடிச்சுத் தொங்கியது. அவிழ்த்தபோது கௌபி மணிகள் அரிதட்டுப்போலத் துளைபட்டுக் கிடந்தன. அடுத்த விதைப்புக்கு அவரிடம் இருந்தது அந்த முடிச்சு ஒன்றுதான். நெல்லையும் அரிசியையும் காய்ச்சிய உழைப்பு முழுவதும் வேறொரு வண்டின்மேற் செலவாயிற்று.

செத்தல் மிளகாய், கொத்தமல்லி, மஞ்சள், புகையிலை இவற்றில் தலை கீழே குனிந்து கூனல் முதுகுடன் உருண்டையாகக் காணும் வெளிர் கபில வண்டு சிகரெட் வண்டு எனப்படும். பெயர் புகையிலையால் வந்தது. ஆயினும் அடுக்களைச் சரக்குகளில் அதற்கு ஒவ்வாதது அரிது. சரக்கைக் காயவைத்து இறுக மூடியுள்ள போத்தலில் இடுதலே போதும்.

விளக்குக்கு வரும் வண்டுகள்

இவை வீட்டில் வளர்வன அல்ல. வெளிச்சத்தைக் கண்டு வந்து போவன. இவற்றுள் மூன்றை நன்றாக அறிந்திருத்தல் வேண்டும்.

எறும்புபோல் ஒடுங்கி நீண்ட உடல். நீளம் 7 முதல் 10 மி.மீ. வரை, தலை கறுப்பு, மார்பு செம்மஞ்சள், அதன்பின் மின்னும் நீலப்பச்சை நிறத்தில் மிகக் குட்டையான முதுகோடு, பின்னர்ச் செம்மஞ்சள் வயிறு, அதன் நுனி மீண்டும் கறுப்பு. இவ்வண்டுக்கு விஞ்ஞானப் பெயர் பீடரசு. மழைக்காலத்திலும், வயல் வெட்டிய நாட்களிலும் வயலோர வீடுகளின் விளக்குக்கு வரும். இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால் உடம்பில் ஊரும்போது தட்டி நசுக்கினால், அதன் உடற்சாறு தோலிற் பட்டு, ஒருநாள் இரண்டுநாள் கழித்துத் தீப்பட்டாற்போலச் சிவந்து கொப்புளிக்கும். காலந்தாழ்த்தி வருவதால் இதன் காரணத்தைப் பலர் அறியார். சிலந்தி சிறுநீர் விட்டது என்று கூறிக் கண்டதையும் பூசுவர். வண்டைக் கையாற் பிடிக்கவேண்டாம் என்று முன்னர்க் கூறியது இதனாலேயே. மேலில் ஊர்ந்தால் ஊதிவிடுக. அல்லது கடதாசி ஒன்றில் ஏறவிட்டு வெளியே விடுக. நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுக. அந்தக் கையாற் கண்ணைத் தொடலாகாது; கண்ணிற் பட்டால் வைத்தியசாலைக்குச் செல்க. படுக்கைக்கு நேர்மேலே விளக்கு எரியவிடாமலிருத்தலும், நுளம்புவலை கட்டிப் படுத்தலும் பெருங் காவல்.

இவ்வளவு தொல்லை தரும் வண்டை ஏன் வெளியே விடச் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். நெற்பயிரின் அடித்தண்டிற் சாறு உறிஞ்சிப் பயிரை எரித்தாற்போலாக்கும் கபிலநிறத் தத்தியையும், இலைத்தத்திகளையும், சிறு புழுக்களையும் பிடித்துண்பது இவ்வண்டு. வீட்டில் விருந்தாளியாக வந்து தொல்லை தந்தாலும், வயலிற் கூலி வாங்காத காவற்காரன். இதனை ஒழிக்க எண்ணி வயலுக்கு மருந்தடிப்பவர், காவற்காரனைக் கொன்று கள்வனை வளர்த்தவராவார்.

பீடரசுடன் மயங்கக்கூடிய வண்டு ஒன்று உண்டு. அது வற்றாளைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு. இதுவும் எறும்பு போன்றது. இதற்கும் செந்நிற மார்பும் கருநீல முதுகும் உண்டு. ஆனால் இதற்கு முன்னே நீண்ட மூக்கு உண்டு, முதுகோடு வயிறு முழுவதையும் மூடியிருக்கும், கால்கள் சிவந்திருக்கும். பீடரசுக்கு மூக்கில்லை; முதுகோடு ஒரு சிறு கைச்சட்டைபோல நடுவில் மாத்திரம் நிற்கும். கூன்வண்டு காணப்பட்டால் மூலையிற் குவித்த கிழங்கைப் பிளந்து பாருங்கள். உள்ளே கறுத்த சுரங்கமும் கசப்பும் இருந்தால் அக்கிழங்கை மாட்டுக்கும் இடலாகாது. ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுக. அதன் கொடியை நடுவதற்கும் எடுக்கவேண்டாம்.

பெருவிரல் அளவு பருத்து, தலையிற் கொம்புடன், இரைச்சலிட்டுப் பறந்துவந்து சுவரில் மோதி விழுவது தென்னையைத் துளைக்கும் கருவண்டு. அது வீட்டிற்கு ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் உங்கள் வளவிலோ அயல் வளவிலோ உக்கிய தென்னங்குற்றி, அல்லது பலகாலம் கிளறாத எருக்கும்பி இருக்கின்றது என்பதற்கு அதுவே சாட்சி. அவற்றிலேதான் அதன் பருத்த வெண்புழுக்கள் வளர்கின்றன. எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிகளுக்கு இடுக; குற்றியைப் பிளந்து அகற்றுக.

காய்கறிக் கூடையுடன் வீட்டிற்குள் வரும் புள்ளி வண்டுகளிலும் நண்பன் பகைவன் உண்டு. முதுகு கண்ணாடிபோல மினுங்கினால் அது செடிப்பேனைத் தின்னும் பொறிவண்டு. செடிக்குத் திரும்ப விடுக. மினுக்கமின்றி மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாகவும், 28 அளவிற் புள்ளிகளுடனும் இருந்தால், அது கத்தரி, பாகல் இலைகளைச் சல்லடையாக்கும் வண்டு. அப்போது தோட்டத்திற்குச் சென்று இலையின் அடிப்புறத்தைப் பார்க்க. நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் முட்டைக் கூட்டத்தை நசுக்கிவிடுக.

தூள் விழும் இடத்து வண்டு

மூங்கில், வளை, கட்டிற்கால் இவற்றிலிருந்து மாப்போலத் தூள் உதிர்ந்து, அதனருகே ஒரு சிறு உருளை வண்டு கிடந்தால் பயப்படவேண்டாம். தானியத் துளைவண்டு மரந்துளைக்கும் வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால், மூங்கிலைத் துளைக்கும் அதன் உறவினம் அதனைப் போலவே முக்காடிட்டுத் தோன்றும். உருவத்தைக் கொண்டு இவற்றைப் பிரிப்பது எமக்கே கடினம். தூள் எங்கிருந்து விழுகின்றது என்று பார்ப்பதே வழி. மூங்கிலிலிருந்து விழுந்தால் நெல்லுக்குக் கேடில்லை. மூட்டையிலிருந்து விழுந்தால் மூங்கிலைக் குற்றஞ்சொல்வதிற் பயனில்லை.

அறிந்தபின் செய்வன

நெல்லில் வண்டு என்று தெளிந்தால், அந்த மூட்டையை உடனே மற்றவற்றினின்றும் பிரித்து வீட்டிற்கு வெளியே கொண்டுபோக. படங்கை விரித்து நெல்லை மெல்லிதாகப் பரப்பி வெயிலிற் காயவிட்டு இடையிடையே கிளறுக. வெப்பம் ஏற வண்டுகள் ஓடும். அவை திரும்பிச் சுவருக்குப் போகாதவாறு கோழிகளை அண்டையில் விடுதல் நல்ல வழி. புடைத்த தூளையும் சப்பட்டையையும் வாசலிற் கொட்டினால் வண்டு மாலைக்குள் மூட்டைக்கே திரும்பிவிடும், அவற்றை எரித்துவிடுக.

மணியினுள் இருக்கும் புழுக்கள் ஒருநாள் வெயிலில் யாவும் சாவதில்லை என்பதை நினைவிற் கொள்க. மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடியும் திறந்து பார்த்துக் காயவிடுதல் வேண்டும். முதல் நாளே காரியம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோரிடத்திலேயே வண்டு மறுபடியும் தோன்றுகின்றது.

விதைநெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 13 அல்லது அதனிலும் குறைவாக இருத்தல் நன்று. ஈரமானி இல்லாதவர் மணியைப் பல்லிடையே வைத்துக் கடித்துப் பார்க்கலாம். ‘டக்’ என்ற ஓசையுடன் முறிந்தால் ஏறக்குறையச் சரி, நசிந்தால் இன்னும் காயவேண்டும். காய்ந்த நெல்லை வெயிற் சூட்டோடு கட்டலாகாது. நிழலில் ஆறவிட்ட பின்னரே கட்டுக. சூட்டோடு கட்டிய மூட்டை உள்ளே வியர்த்து ஈரமாகும். அரிசியை வெயிலிற் போடவேண்டாம், வெடித்து நொறுங்கும். நிழலிற் பரப்பிச் சுளகிற் புடைப்பதே மேல்.

பழைய சாக்கை அப்படியே எடுத்துப் புது நெல்லைக் கட்டுவது நம் நாட்டுப் பெரும் பிழைகளுள் ஒன்று. தையல் மடிப்புகளில் வண்டு காத்திருக்கும். சாக்கை உட்புறம் வெளிவரப் புரட்டி, கொதிநீரில் அமிழ்த்தி, நன்றாகக் காயவிட்டு எடுக்க. பழைய நெல்லையும் புதுநெல்லையும் ஓரிடத்தில் அடுக்கவேண்டாம். மூட்டைகள் நிலத்தைத் தொடாதவாறு பலகையின் மேலும், சுவரைத் தொடாதவாறு ஒன்றரை அடி விலக்கியும் இருக்கவேண்டும். இவ்விடைவெளி காற்றுக்காக மாத்திரமன்று. கூட்டிப் பார்க்கவும் வண்டைக் காணவும் உங்களுக்கு வழிவேண்டும்.

விதைநெல் சில மூட்டையே உள்ளவர்க்கு, இறுக மூடும் பிளாஸ்டிக் பீப்பாவோ, காற்றுப்புகாப் பையோ நாம் அறிந்தவற்றுட் சிறந்த முறை. நன்கு காய்ந்த நெல்லை வாய்வரை நிரப்பி மூடிவிட்டால், உள்ளே எஞ்சிய பிராணவாயுவை வண்டுகளே சுவாசித்துத் தீர்த்து மடிந்துபோகும். அடிக்கடி திறந்து பார்த்தால் இம்முறை பயன்தராது. ஈர நெல்லை இவ்வாறு அடைத்தால் வண்டு சாகுமுன் முளை செத்துவிடும். ஆகவே காய்ச்சல் சரியில்லாதவர் இதனைக் கைக்கொள்ளவேண்டாம்.

பயறு, கௌபிக்கு இன்னொரு எளிய முறை உண்டு. மணிகளை நன்றாகக் காயவைத்து, ஒரு கிலோவுக்கு 5 மி.லீ., அதாவது ஒரு தேக்கரண்டி, சமையல் எண்ணெய் விட்டு மணிதோறும் படும்படி பிசறி மூடிவைக்க. எண்ணெய் பூசிய மணியில் இடும் முட்டை பொரிப்பது அரிது. வேப்பிலை இடும் வழக்கத்தை நாம் இகழவில்லை. ஆனால் பச்சை இலையை இட்டால் ஈரம் சேரும், காய்ந்த இலையே இடவேண்டும். காயாத நெல்லை அதனாலும் காப்பாற்ற முடியாது.

வண்டு பிடித்த விதைநெல்லை விதைக்கலாமா என்று ஐயுறுவோர், கண்ணை மூடிக்கொண்டு நூறு மணி எடுத்து ஈரச் சீலையிற் சுற்றி ஒரு கிழமை ஈரம் உலராது வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்க்க. 85க்குக் குறைந்தால் அதனை நம்பி வயலை உழவேண்டாம். தெரிந்தெடுத்து நல்ல மணிகளை எண்ணுவது நம்மை நாமே ஏய்ப்பதாகும்.

நஞ்சைப் பற்றி

பயிருக்குத் தெளிக்கும் பீடைகொல்லியை உண்ணும் நெல்லின்மேலோ அரிசியின்மேலோ வீட்டினுள்ளோ தெளிக்கலாகாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நம் நாட்டிற் பீடைகொல்லிகள் பதிவுசெய்யப்படுகின்றன. எப்பயிருக்கு, எவ்வளவு, எவ்வாறு என்பது சுட்டுத்துண்டில் எழுதியுள்ளது. அதில் எழுதாத இடத்தில் உபயோகிக்க ஒருவருக்கும் நாம் ஆலோசனை கூறோம்.

களஞ்சியங்களுக்கு நச்சுப்புகை ஊட்டும் அலுமினியம் பொசுபைட்டு வில்லைகளை யாரேனும் சில்லறையாகத் தந்தால் வாங்கவேண்டாம். காற்றின் ஈரம் பட்டதும் அவ்வில்லையிலிருந்து பொசுபீன் என்னும் நச்சுவாயு எழும். அஃது ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கதவிடுக்கால் நுழையும். உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். அதற்குப் பரிகார மருந்தும் இல்லை. பயிற்சிபெற்றோர், ஆட்கள் குடியிராத களஞ்சியத்தில், காற்றுப்புகாது மூடிச் செய்யும் வேலை அது. மூட்டை அடுக்கிய படுக்கையறைக்கு உரியதன்று.

இனங்காண முடியாவிடின்

இங்கே கூறியவற்றுள் எதனுடனும் பொருந்தாத வண்டுகளும் வரும். சிறப்பாக, தானியத்திற் செங்கபில மயிர் அடர்ந்த புழுக்களும், அவை கழற்றிய தோல்கள் குவியலாகவும் காணப்பட்டால் தாமதிக்கவேண்டாம். கப்ரா வண்டின் புழுக்கள் அத்தன்மையன. உணவின்றியும் நெடுங்காலம் சுவர் வெடிப்பிற் கிடக்கவல்ல அவ்வண்டைப் பல நாடுகள் தம் துறைமுகங்களிலேயே தடுத்து நிறுத்துகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த பொதியிலோ தானியத்திலோ புதிய வண்டைக் கண்டாலும் இவ்வாறே செய்க.

நாலைந்து வண்டுகளை, புழு இருந்தால் அதனையும், சிறு போத்தலில் இட்டு, காயம் துடைக்கும் மதுசாரத்தை மூழ்கும்படி ஊற்றி மூடுக. உயிருடன் கொண்டு திரிந்தால் வழியில் வேறிடத்திற் பரவலாம். தாக்கப்பட்ட தானியத்தைத் தனியே ஒரு சிறு பையிற் கட்டுக. பென்சிலால் ஒரு துண்டில், கண்ட திகதி, ஊர், வீட்டில் எவ்விடம், எப்பொருளில், அப்பொருள் எப்போது எங்கிருந்து வந்தது என்பவற்றை எழுதி உடன் வைக்க. மையால் எழுதினால் மதுசாரம் பட்டுக் கரையும். இவற்றை உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம். நேரில் வர இயலாதவர் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தை அழைத்து, மூக்கு உண்டா, தலை மேலிருந்து தெரிகின்றதா, முதுகோடு வயிற்றை முழுவதும் மூடுகின்றதா என்ற மூன்றையும் பார்த்துவைத்துக்கொண்டு விபரம் கூறுக.